படச்சுருளுக்கு உரிமை கேட்ட நடிகை

தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த தொடக்க ஆண்டுகளில், ஒரு நிகழ்ச்சி என்பது ஒரு முறை ஒளிபரப்பாகி அத்துடன் மறைந்துபோகும் ஒன்றாகவே கருதப்பட்டது. நியூயார்க் நகரத்து அரங்குகளில் நடிகர்கள் நேரலையில் நடித்தார்கள். நடித்து முடித்ததும் எதுவும் மிஞ்சுவதில்லை, மிஞ்சினாலும் மங்கலான ஒரு நகல் மட்டுமே மிஞ்சியது. அவ்வாறு காற்றோடு போய்க்கொண்டிருந்த உழைப்பைப் படச்சுருளில் பதிந்து, பத்திரப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பி வருமானம் பார்க்கும் சொத்தாக மாற்றியதில் பலருக்குப் பங்குண்டு. ஆயினும் அந்த மாற்றத்தை லாபம் தரும் வழக்கமாக நிலைநிறுத்திய தொடர் எது என்று கேட்டால், 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். நிறுவனத்தின் ஒளிபரப்பில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்பதே விடையாகும். அதன் நாயகி லூசில் பாலுக்கு அப்போது நாற்பது வயது. திரைப்பட நடிகைகள் அக்கா, அம்மா வேடங்களுக்கு நகர்த்தப்படும் அந்த வயதில்தான் அவருடைய புகழ் தொடங்கியது.

லூசில் பால் 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தொலைபேசிக் கம்பித்தடப் பணியாளராக இருந்த தந்தை, லூசிலுக்கு மூன்று வயதானபோது டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். தம்பி அப்போது தாயின் வயிற்றில் இருந்தான். பின்னர் செலரான் என்ற ஏரிக்கரை ஊரில் தாய்வழித் தாத்தா பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். பொதுவுடைமைக் கருத்துகளில் பிடிப்புள்ள அந்தத் தாத்தா குடும்பத்தின் தூணாக இருந்தவர். 1927இல் அவருடைய மேற்பார்வையில் துப்பாக்கி சுடும் பயிற்சி நடந்தபோது அண்டை வீட்டுச் சிறுவன்மீது தவறுதலாகக் குண்டு பாய்ந்தது. அதைத் தொடர்ந்த வழக்கில் குடும்பம் வீட்டையே இழந்தது. பிற்காலத்தில் பணத்தையும் உடைமைகளையும் பற்றி லூசில் காட்டிய விடாப்பிடியான எச்சரிக்கைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பதின்ம வயதில் நியூயார்க் சென்று ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்த அவரை, மிகவும் கூச்ச சுபாவம் கொண்டவர், நடிப்புக்கு லாயக்கில்லை என்று சொல்லி ஆசிரியர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே பள்ளியில் அதே காலத்தில் நட்சத்திர மாணவியாக விளங்கியவர் பெட்டி டேவிஸ். மனம் தளராமல் மீண்டும் நியூயார்க் வந்த லூசில், ஹேட்டி கார்னகி என்ற புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளரிடம் மாடலாக வேலை பார்த்தார். 1933இல் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினின் ‘ரோமன் ஸ்கேண்டல்ஸ்’ என்ற இசைப்படத்துக்கான அழகியர் குழுவில் இடம் கிடைக்க, ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார்.

அக்கால ஹாலிவுட்டில் நடிகர்கள் ஒரு ஸ்டூடியோவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரச் சம்பளம் பெற்றுக்கொண்டு, அந்த ஸ்டூடியோ சொல்கிற படங்களில் நடிக்க வேண்டியிருந்தது. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் சில ஆண்டுகள் அப்படி இருந்த லூசில், ‘டாப் ஹாட்’ (1935) போன்ற படங்களில் ஓரிரு வரி வசனம் பேசும் வேடங்களில் தலைகாட்டி, ‘ஸ்டேஜ் டோர்’ (1937) படத்தில் கேத்தரின் ஹெப்பர்ன், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஆகியோருடன் நடித்துக் கவனம் பெற்றார். ஹென்றி ஃபோண்டாவுடன் நடித்த ‘தி பிக் ஸ்ட்ரீட்’ (1942) அவரால் கனமான வேடத்தையும் தாங்க முடியும் என்று காட்டியது. பின்பு எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு மாறியபோது, ‘டு பாரி வாஸ் எ லேடி’ (1943) என்ற வண்ணப்படத்துக்காகத் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசப்பட்டது. அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்ட அந்தச் சிவப்பு முடியை, கருப்பு வெள்ளையில் ஒளிபரப்பான ‘ஐ லவ் லூசி’யில் யாரும் பார்த்ததில்லை என்பது ஒரு வேடிக்கை. எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் அப்போது ஓரங்கட்டப்பட்ட நிலையில் இருந்த மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன், உடலையும் கையிலுள்ள பொருளையும் கொண்டு சிரிப்பை உண்டாக்கும் வித்தையில் லூசிலுக்கு வழிகாட்டினார். ஸ்டூடியோ நிர்வாகம் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. குறைந்த செலவில் எடுக்கப்பட்டு முக்கியப் படத்துடன் இணைப்பாகத் திரையிடப்படும் இரண்டாம் தரப் படங்களின் ராணி என்ற பட்டம்தான் லூசிலுக்குக் கிடைத்தது. அழகி என்றால் அழகியாக நிற்க வேண்டும், கோமாளி என்றால் கோமாளியாக இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களுக்கு, இரண்டுமாக இருந்த ஒரு பெண்ணை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாய்ப்பு வானொலியின் வழியாக வந்தது. 1948இல் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில், வங்கி அதிகாரி ஒருவரின் குறும்புக்கார மனைவியாக அவர் நடித்தார். அத்தொடருக்கு எழுதிய ஜெஸ் ஒப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கரோல் ஆகிய மூவரே பின்னர் ‘ஐ லவ் லூசி’யையும் எழுதினார்கள். பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்தபோது லூசிலின் நடிப்பு பல மடங்கு மெருகேறுவதை அவர்கள் கண்டுகொண்டார்கள். வானொலியில் கேட்காத முகபாவனைகளுக்குக்கூட அரங்கம் அதிர்ந்தது.

அந்தத் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர சி.பி.எஸ். விரும்பியபோது லூசில் ஒரு நிபந்தனை விதித்தார்: கணவராக நடிப்பவர் தம் சொந்தக் கணவர் டெசி ஆர்னாஸாக இருக்க வேண்டும். கியூபா நாட்டின் சான்டியாகோ நகர மேயரின் மகனான டெசி, 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் குடும்பம் அனைத்தையும் இழந்தபின் அமெரிக்காவுக்கு வந்து, இசைக்குழுத் தலைவராக உயர்ந்தவர். ‘டூ மெனி கேர்ல்ஸ்’ படப்பிடிப்பில் லூசிலைச் சந்தித்து, 1940 நவம்பரில் மணந்தார். அவருடைய இசைப் பயணங்களும் லூசிலின் படப்பிடிப்புகளும் இருவரையும் பிரித்தே வைத்திருந்ததால், ஒரே தொடரில் நடிப்பது மணவாழ்வைக் காப்பாற்றும் வழியாகவும் லூசிலுக்குத் தோன்றியது. ஸ்பானிய வாடை வீசும் ஆங்கிலம் பேசும் ஒருவரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று நிறுவனம் தயங்கியது. தம்பதியர் அதற்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. பாட்டு, ஆட்டம், சிரிப்பு எனத் துண்டுத் துண்டான காட்சிகளால் ஆன வாட்வில் என்னும் மேடை நிகழ்ச்சியைத் தயாரித்து, 1950இல் ஊர் ஊராகச் சென்று நடத்தினார்கள். கூட்டம் கைதட்டியது, தயக்கம் தீர்ந்தது.

அடுத்த சிக்கல் இடம் பற்றியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் ஒளிபரப்புத் தடம் அப்போது இயங்கத் தொடங்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டிகள் பெரும்பாலும் கிழக்கில் இருந்தன. எனவே நியூயார்க்கில் நேரலையாக நடித்து, மேற்குக் கரைக்கு ‘கினெஸ்கோப்’ நகலை அனுப்புவதே நடைமுறையாக இருந்தது. கினெஸ்கோப் என்பது, தொலைக்காட்சித் திரையில் ஓடும் காட்சியையே ஒரு கேமராவை நிறுத்திப் படம்பிடித்து எடுக்கும் நகலாகும். உருவங்கள் கலங்கித் தெரியும். விளம்பரதாரரான ஃபிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனமும் தன் வாடிக்கையாளர்கள் நிறைந்த கிழக்குக்குத் தெளிவான படம் போக வேண்டும் என்று விரும்பியது. லூசிலும் டெசியும் கலிஃபோர்னியாவில் உள்ள வீட்டை விட்டு நகர மறுத்தார்கள். அப்படியானால் சினிமாவைப் போல 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்துத் தருகிறோம், நாடு முழுவதும் ஒரே தெளிவுடன் பார்க்கலாம் என்பது அவர்கள் வைத்த தீர்வு. அதற்குச் செலவு அதிகம் என்று நிறுவனம் முணுமுணுக்க, வாரச் சம்பளத்தில் 1,000 டாலரைக் குறைத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். பதிலுக்கு, எடுக்கப்படும் படச்சுருள்களின் உரிமை தங்கள் ‘டெசிலு’ நிறுவனத்துக்கே இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். ஒரு முறை ஒளிபரப்பான நிகழ்ச்சியை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள் என்றே சி.பி.எஸ். அதிகாரிகள் எண்ணியிருக்க வேண்டும். இல்லையேல் அவ்வளவு எளிதில் அந்த உரிமையைத் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

படச்சுருளும் வேண்டும், எதிரில் பார்வையாளர்களும் வேண்டும் என்ற இரட்டைத் தேவை தொழில்நுட்ப நெருக்கடியை உண்டாக்கியது. சினிமாவில் ஒரு கேமராவை வைத்து, ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்குகளை மாற்றி மாற்றி எடுப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு முந்நூறு பேர் சிரிக்க மாட்டார்கள். ஆகவே நாடகத்தைப் போல முதலிலிருந்து கடைசிவரை நடித்துச் செல்ல, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் தொலைவுக் காட்சியையும் அண்மைக் காட்சியையும் பதிந்துகொண்டே போகும் முறை கையாளப்பட்டது. பல கேமராக்களை ஒருசேர ஓடவிடும் வழக்கம் வேறு சில நிகழ்ச்சிகளில் முன்பே இருந்தது. அதை ஒரு கதைத் தொடருக்கு, உயர்ந்த ஒளிப்பதிவுத் தரத்துடன் பொருத்தியதுதான் இங்கே நிகழ்ந்த சாதனை. அதைச் செய்தவர் கார்ல் ஃபிராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்து, ஹாலிவுட்டில் ‘தி குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றிருந்த அவர், விளக்குகளை மேலே தொங்கவிட்டு, தளம் முழுவதும் சீராக வெளிச்சம் பரவச் செய்து, எந்தக் கேமரா எங்கிருந்து பார்த்தாலும் முகத்தில் நிழல் விழாதபடி அமைத்தார். பார்வையாளர்களின் சிரிப்பு ஒலிவாங்கிகளில் நேரடியாகப் பதிவாயிற்று. படப்பிடிப்புத் தளத்தில் அமைக்கப்பட்ட வீட்டுக்கூடமும், அதற்குள் நுழைந்து வெளியேறும் மனிதர்களும், இடையிடையே எழும் சிரிப்பொலியுமாக இன்று உலகெங்கும் காணப்படும் அரை மணி நேர நகைச்சுவைத் தொடர்களின் உருவம் அந்தத் தளத்தில்தான் கெட்டிப்பட்டது.

கதை எளிமையானது. நியூயார்க் அடுக்ககத்தில் வாழும் லூசி ரிக்கார்டோ என்ற இல்லத்தரசிக்கு, இசைக்குழு நடத்தும் தன் கணவன் ரிக்கியைப் போல மேடையேற வேண்டும் என்ற தணியாத ஆசை. அதற்காகத் திட்டம் தீட்டுவாள், அது கவிழும், கணவன் கத்துவான், சமாதானம் ஆகும். வீட்டு உரிமையாளர்களான எத்தல், ஃபிரெட் தம்பதியராக விவியன் வான்ஸும் வில்லியம் ஃபிராலியும் நடித்தார்கள். குறிப்பாக விவியன் வான்ஸ், லூசியின் ஒவ்வொரு பைத்தியக்காரத்தனத்துக்கும் முதலில் மறுத்து, பின் தயங்கி, கடைசியில் உடன்படும் தோழியாக, லூசிலின் நடிப்புக்குச் சமமான தாங்குதலைக் கொடுத்தார். அவர் இல்லாத காட்சிகளில் லூசி சற்று அதிகப்பிரசங்கியாகத் தெரிவதுண்டு.

லூசிலின் கலை எத்தகையது என்பதற்கு 1952 மே மாதம் ஒளிபரப்பான ஒரு காட்சி போதும். ‘வைட்டாமீட்டாவெஜமின்’ என்ற கற்பனை டானிக்கின் விளம்பரத்தில் லூசி நடிக்கிறாள். ஒத்திகை நடக்க நடக்க, ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி டானிக்கை விழுங்க வேண்டும். அதில் 23 விழுக்காடு மது கலந்திருப்பது அவளுக்குத் தெரியாது. முதல் கரண்டியில் கசப்பு முகமெங்கும் பரவ, அதை விளம்பரப் புன்னகையால் மூட அவள் போராடுகிறாள். அடுத்தடுத்த முறைகளில் கசப்பு குறைந்து புன்னகை இயல்பாகிறது. பிறகு கண்கள் லேசாக மிதக்கின்றன. அந்த நீளப் பெயர் நாக்கில் புரள மறுக்கிறது. கடைசியில் கரண்டியை எறியாத குறையாகப் புட்டியையே வாயில் வைத்துக்கொள்கிறாள். வசனம் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது போதையின் படி மட்டுமே. எந்தச் சொல் எந்தச் சுற்றில், எத்தனை எழுத்து குழற வேண்டும் என்பதுவரை அளந்து வைத்த நடிப்பு அது. பார்ப்பவருக்கோ அந்தக் கணத்தில் தோன்றியதைச் செய்வது போல் இருக்கும். உண்மையில் அவர் தன்னியல்பாக எதையும் செய்பவர் அல்லர். கையாளும் பொருள் எதுவாயினும் அது பழகிப்போகும்வரை ஒத்திகையை விடாதவர். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியில், நகரும் பட்டையில் வேகமாக வரும் சாக்லேட்டுகளைச் சுற்றிக் கட்ட முடியாமல் லூசியும் எத்தலும் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணித்துக்கொள்வதை, ஆங்கிலம் அறியாதவர்களும் ரசிக்க முடியும்.

1952இல் லூசில் தம் இரண்டாவது குழந்தையைக் கருவுற்றபோது, தொடரை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. கர்ப்பிணிப் பெண்ணைத் திரையில் காட்டுவது நாகரிகக் குறைவு என்று எண்ணப்பட்ட காலம். 1948இல் ‘மேரி கே அண்ட் ஜானி’ என்ற தொடர் அதைச் செய்திருந்தாலும், பெரும்பாலோர் கவனத்துக்கு அது வரவில்லை. கர்ப்பத்தையே கதையாக்குவது என டெசி பிடிவாதமாக நின்றார். கருவுற்றிருப்பதைக் குறிக்கும் நேரடி ஆங்கிலச் சொல் வசனத்தில் வரக்கூடாது என்று நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவர் எழுத்துப்படிகளைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். 1953 ஜனவரி 19 அன்று திரையில் லூசிக்கு ஆண்குழந்தை பிறந்தது. அறுவைச் சிகிச்சை அதே நாளுக்குக் குறிக்கப்பட்டிருந்ததால் லூசிலுக்கும் அன்றே மகன் பிறந்தான். அந்தப் பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்.

புகழின் உச்சியில் இருந்த அதே ஆண்டு அவரை வேறொரு புயல் தாக்கியது. பொதுவுடைமைவாதிகள் என்று ஐயுறப்பட்டவர்களை விசாரித்துவந்த நாடாளுமன்றக் குழு, 1936இல் லூசில் தம்மைப் பொதுவுடைமைக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருந்ததைக் கண்டறிந்தது. இதைவிடச் சிறிய காரணங்களுக்காக வேலையிழந்து வீட்டில் முடங்கிய கலைஞர்கள் ஹாலிவுட்டில் பலர் இருந்தார்கள். தாத்தாவின் மனம் நோகக் கூடாதென்று பதிவு செய்ததாகவும், கட்சி நடவடிக்கை எதிலும் ஈடுபட்டதில்லை என்றும் 1953 செப்டம்பரில் அவர் வாக்குமூலம் அளித்தார். செய்தி கசிந்து நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வந்த வேளையில், படப்பிடிப்புக்கு வந்திருந்த பார்வையாளர்கள் முன் டெசி தோன்றி, தம் மனைவியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் சாயம் என்று சொல்லிக் கூட்டத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். விளம்பரதாரரும் சி.பி.எஸ். நிறுவனமும் லூசிலைக் கைவிடவில்லை. நாட்டின் முதலிடத் தொடரை இழக்க யாரும் விரும்பவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பாதுகாப்பு மற்றவர்களுக்கு வாய்க்கவில்லை.

‘ஐ லவ் லூசி’ 1957 மே மாதத்தில், முதலிடத்தில் இருக்கும்போதே நிறுத்தப்பட்டது. அதற்குள் டெசிலு பிற நிறுவனங்களின் தொடர்களையும் எடுத்துத்தரும் பெரிய தொழிலாக வளர்ந்திருந்தது. அந்த ஆண்டின் இறுதியில், நொடித்துப்போன ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் நிலங்களையும் தளங்களையும் சுமார் 60 லட்சம் டாலருக்கு டெசிலு வாங்கியது. வாரச் சம்பளத்துக்கு ஓரிரு வரி வசனம் பேசிய இடத்துக்கே லூசில் சொந்தக்காரி ஆனார். வணிகக் கணக்குகளில் டெசிக்கு இருந்த கூர்மையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. உச்சரிப்புக்காகக் கேலி செய்யப்பட்ட அவர்தான் இந்தப் பேரங்களை முன்னின்று முடித்தவர். ஆனால் அவருடைய குடிப்பழக்கமும் பிற பெண்களுடனான உறவுகளும் மணவாழ்வைக் குலைத்தன. 1960 மே மாதத்தில் மணமுறிவு ஏற்பட்டது.

1962இல் டெசியின் பங்குகளைச் சுமார் 25 லட்சம் டாலருக்கு வாங்கி, லூசில் டெசிலுவின் தலைவரானார். பெரியதொரு தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தை நடத்திய முதல் பெண் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதே ஆண்டு தொடங்கிய ‘தி லூசி ஷோ’வில் அவர் கைம்பெண்ணாகவும், விவியன் வான்ஸ் மணமுறிவு பெற்ற பெண்ணாகவும், கணவர்கள் இல்லாத வீட்டில் குழந்தைகளை வளர்த்தார்கள், அன்றைய தொலைக்காட்சிக்கு அது துணிச்சலான ஏற்பாடு. தலைவராக அவர் எடுத்த முடிவுகளில் நிலைத்து நின்றது ‘ஸ்டார் டிரெக்’ பற்றியது. செலவு கட்டுப்படியாகாது என்று இயக்குநர் குழு எதிர்த்தபோதும் அவர் அத்தொடருக்கும் ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடருக்கும் ஆதரவாக நின்றார், இரண்டும் 1966இல் ஒளிபரப்பாயின. அலுவலகத் தலைமையை அவர் விரும்பி ஏற்றதாகத் தோன்றவில்லை. 1967இல் நிறுவனத்தை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் குழுமத்துக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டு நடிப்போடு நின்றுகொண்டார்.

அதன் பின் வந்தவற்றில் ஏற்றம் குறைவு. தம் பிள்ளைகளுடன் நடித்த ‘ஹியர்ஸ் லூசி’ 1974வரை ஓடியது. ‘மேம்’ என்ற இசைப்படம் தோற்றது. 1985இல் ‘ஸ்டோன் பில்லோ’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் வீடற்ற மூதாட்டியாகச் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் நடித்தார். எழுபத்தைந்து வயதில் மீண்டும் பழைய குறும்புகளுடன் தோன்றிய ‘லைஃப் வித் லூசி’ (1986) எட்டுப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் டெசி இறந்தார். லூசில் பால் 1989 ஏப்ரல் 26 அன்று, பெருந்தமனி கிழிந்து, 77ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு கணக்கு மட்டும் தவறிப்போனது என்று சொல்லலாம். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை வாங்கிய காலத்தில், பணத்தேவைக்காக, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பெற்ற ‘ஐ லவ் லூசி’ படச்சுருள்களின் உரிமையை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடமே அவர்கள் விற்றார்கள். அன்றைக்கு அது பெருந்தொகை. அத்தொடரின் மறுஒளிபரப்பு முதலியவற்றால் 2012இலும் அந்த நிறுவனம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஈட்டிக்கொண்டிருந்தது.